கண்டெய்னர் பாடிக்குப் பக்கத் தகடு மாற்றும்போது: அலுமினியமா, எஃப்ஆர்பியா, பிளையா?

பதினேழு அடி கண்டெய்னர் பாடியின் பக்கத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டால், சென்னையில் மாதவரம், செங்குன்றம் பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதல் கேள்வி "ஷீட் என்ன போடலாம்?" என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், தகட்டைத் தாங்கி நிற்கும் போஸ்ட், அதாவது செங்குத்துச் சட்டம், என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். போஸ்ட் நன்றாக இருந்தால் ஒரு முடிவு, அரித்துப் போயிருந்தால் வேறொரு முடிவு. தகட்டை மட்டும் வைத்து எடையையும் விலையையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இன்னொன்றும் முதலிலேயே தெளிவாக வேண்டும். பாடி லேசானால் எல்லா வண்டிக்கும் லாபம் வராது. எண்ணெய் டின், தண்ணீர் பாட்டில், டைல்ஸ், மளிகை மூட்டை ஏற்றும் வண்டி எடையில் முட்டும். பாடியில் இடம் மிச்சமிருக்கும்போதே ஆர்சியில் உள்ள மொத்த எடை வந்துவிடும். அங்கே சுவரில் குறையும் 150 கிலோ அப்படியே சரக்காகிறது. 15 கிலோ எண்ணெய் டின்னில் ஒன்பது, பத்து கூடுதலாக ஏறும். சிப்ஸ் பாக்கெட், மெத்தை, தெர்மாகோல், காலி அட்டைப்பெட்டி ஏற்றும் வண்டி இடத்தில் முட்டும். அதற்கு லேசான தகட்டால் டீசலில் கொஞ்சம் மிச்சமாகுமே தவிர வேறு பெரிய பயன் இல்லை. அந்த வண்டிக்காரர் பார்க்க வேண்டியது சுவரின் கனத்தை, அதாவது தடிமனை. உள் அகலம் இரண்டு அங்குலம் கூடினால் பெட்டி அடுக்கும் வரிசையே மாறலாம்.

எடைக் கணக்கு

17 அடி நீளம், 7 அடி உயரம் என்று வைத்தால் ஒரு பக்கம் 119 சதுர அடி, இரண்டு பக்கமும் 238 சதுர அடி. இனி வரும் எண்கள் எல்லாம் இந்த 238 சதுர அடிக்குத்தான்.

பழைய பாடியில் பெரும்பாலும் 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. இரும்புத் தகடு மடிப்பு போட்டு இருக்கும். தட்டையாக எடுத்தால் சதுர அடிக்கு 0.875 கிலோ, மடிப்புக்கான கூடுதல் தகட்டையும் சேர்த்தால் இரு பக்கமும் 240 முதல் 250 கிலோ. 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. அலுமினியம் சதுர அடிக்கு 0.4 கிலோ, மொத்தம் 95 கிலோ. 20 மி.மீ. பிபி ஹனிகோம்ப் (பாலிப்ரொப்பிலீன் தேன்கூடு) நடுவில் வைத்து இருபுறமும் எஃப்ஆர்பி (கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக்) தோல் ஒட்டிய பேனல், தோலின் கனத்தைப் பொறுத்து சதுர அடிக்கு அரை கிலோ முதல் 0.65 கிலோ வரை வரும். மொத்தம் 120 முதல் 155 கிலோ. 12 மி.மீ. பிளைவுட்டுக்கு இருபுறமும் எஃப்ஆர்பி ஒட்டியது 270 கிலோவை ஒட்டி நிற்கும்.

இதைப் பார்த்தால் அலுமினியம்தான் லேசு என்று தோன்றும். ஆனால் அலுமினியத் தகடு தனியாக நிற்காது. இரண்டு அடிக்கு ஒரு போஸ்ட் வேண்டும். 40×40×2 மி.மீ. இரும்புக் குழாய் ஏழடிக்கு 5 கிலோ. பக்கத்துக்குப் பத்து என்றால் இரு பக்கமும் 100 கிலோ. சரக்கு நேராகத் தகட்டில் மோதாமல் இருக்க உள்ளே நான்கடி உயரத்துக்கு 6 மி.மீ. பிளை அடித்தால் இன்னொரு 50 கிலோ. ஆக அலுமினியச் சுவர் 245 கிலோ. போஸ்ட்டையும் 40×40×3 அலுமினியக் குழாயாக மாற்றினால் 195 கிலோ. ஹனிகோம்ப் பேனலுக்கு இடைப் போஸ்ட்டும் உள் பிளையும் தேவையில்லை. நான்கு ஓரத்துக்கும் அலுமினியச் சட்டம் 35 முதல் 40 கிலோ சேர்த்தால் 155 முதல் 195. பிளை பேனல் ஓரச் சட்டத்தோடு 310. பழைய இரும்புச் சுவர் போஸ்ட்டோடு 345.

ஆக, எல்லாமே அலுமினியமாகப் போட்ட சுவரும், தடித்த தோல் ஹனிகோம்ப் சுவரும் எடையில் ஒன்றுதான். இரண்டில் எது என்பதைப் போஸ்ட்டின் நிலை, சரக்கு ஏற்றும் விதம், அடிபட்டால் எங்கே சரிசெய்வது என்ற மூன்றும்தான் முடிவு செய்ய வேண்டும்.

போஸ்ட்டைப் பார்ப்பது எப்படி

மேலே தட்டிப் பார்த்துப் பயனில்லை. துரு கீழே இருக்கும். உள்ளே பிளை அடித்திருந்தால் அதன் அடி வரிசை ஸ்க்ரூவைக் கழற்றி, தரையிலிருந்து நான்கு அங்குலம் வரை போஸ்ட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். சென்னை மழையில் தகட்டு மூட்டு வழியாக இறங்கும் தண்ணீரும், தரை கழுவும் தண்ணீரும் அடிச் சேனலில்தான் தேங்கும். அங்கே செதில் செதிலாக உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்தப் போஸ்ட் போய்விட்டது. பத்தில் இரண்டு, மூன்று இப்படி இருந்தால் வெட்டி ஒட்டுப் போடலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் பழைய போஸ்ட் மேல் புதுத் தகடு அடிப்பது பணத்தை வீணாக்கும் வேலை. தகடு பத்து வருடம் நிற்கும், அதைப் பிடித்திருக்கும் இரும்பு இரண்டு வருடத்தில் விட்டுவிடும்.

போஸ்ட் நன்றாக இருந்தால்: அலுமினியம்

சென்னையில் ஓடும் சாதாரண சரக்கு வண்டிக்கு, போஸ்ட் உறுதியாக இருக்கும் பட்சத்தில், அலுமினியம்தான் சரி. பொருள் எளிதில் கிடைக்கும், டிங்கர் வேலை தெரிந்த யாரும் ஒட்டுப் போடுவார்கள், கடைசியில் கழிக்கும்போது காய்லாங்கடையிலும் காசு வரும். எஃப்ஆர்பிக்கு அந்த மதிப்பு கிடையாது.

எத்தனை கேஜ் என்பதில் கஞ்சத்தனம் கூடாது. அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. வளையாமல் நிற்பதில் இரும்புக்கு ஈடாக வேண்டுமென்றால் அலுமினியம் 1.4 மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். 1.2 மி.மீ. இரும்பை எடுத்துவிட்டு அதே 1.2 மி.மீ. அலுமினியம் போட்டால் ஓட்டத்தில் தகடு படபடக்கும், ரிவெட் ஓட்டை பெரிதாகும். 16 கேஜுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

கடையில் எட்டடிக்கு நான்கடி ஷீட்டை எடை போட்டே வாங்குங்கள். 1.6 மி.மீ. என்றால் ஒரு ஷீட் 12.8 கிலோ இருக்கும், 1.2 மி.மீ. 9.6 கிலோதான். 11 கிலோ காட்டினால் அது 16 கேஜ் இல்லை. ரகமும் முக்கியம். 5052 எச்32 என்று கேளுங்கள். உப்புக் காற்றைத் தாங்கும், கடினமும் உண்டு. பாத்திரத்துக்குப் போகும் 1100 ரகம் மலிவு, ஆனால் மென்மை. மூட்டை சாய்ந்தாலே குழி விழும். மில் சர்டிபிகேட் கேட்டால் நல்ல கடையில் கொடுப்பார்கள்.

போஸ்ட் நடுவுக்கு நடு 600 மி.மீ. இருந்தால் நான்கடி ஷீட் இரண்டு கட்டத்தை மூடி, 20 மி.மீ. மேல்படிவுக்கும் இடம் கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு நான்கு முழு ஷீட்டும் ஒன்றேகால் அடி அகலத்துக்கு ஒரு துண்டும் தேவை. அந்தத் துண்டை இரு பக்கத்துக்கும் ஒரே ஷீட்டிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். ஆக ஒன்பது ஷீட் போதும். பத்து என்று எஸ்டிமேட்டில் எழுதியிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

நகருக்குள் ஓடும் வண்டிக்கு ஒரு மாற்றம் சொல்வோம். சௌகார்பேட்டை, கொத்தவால்சாவடி மாதிரி சந்துகளில் அடிபடுவது எப்போதும் கீழ்ப்பகுதிதான். பைக் ஹேண்டில், தள்ளுவண்டி, திண்ணை ஓரம். அடியில் இரண்டு அடிக்கு மட்டும் 2 மி.மீ. தகட்டைத் தனித் துண்டாகப் போட்டு, மேல் தகடு அதன்மேல் வெளிப்பக்கமாக ஓட்டு வரிசை போலப் படியும்படி அடித்தால் மழைத் தண்ணீர் வெளியே வழியும். அடிபட்டால் கீழ்த் துண்டை மட்டும் மாற்றினால் போதும். எடை 7 கிலோதான் கூடும். செங்குத்து மூட்டில் பின்னாலிருந்து முன்னோக்கி ஷீட் அடித்து வர வேண்டும். முன் ஷீட் பின் ஷீட்டின் மேல் படிந்தால்தான் ஓடும்போது காற்று மழையை மூட்டுக்குள் தள்ளாது.

அலுமினியத்தைக் கெடுப்பது இரும்போடு நேரடியாக ஒட்டியிருப்பது. இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகக் கொப்புளிக்கும். எண்ணூர், ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் அடி ரிவெட் வரிசையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். போஸ்ட்டைத் துரு போகத் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு போஸ்ட் முழு நீளத்துக்கும் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) ஒட்டி, அதன்மேல்தான் தகடு வர வேண்டும். இந்த டேப்பை விட்டுவிட்டுச் செய்யும் வேலைக்கு விலை எவ்வளவு குறைத்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். புதுப் போஸ்ட் போடுவதானால் வெறும் இரும்பைவிட துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் மேல். துத்தநாகப் பூச்சு அலுமினியத்தை அவ்வளவு அரிக்காது.

ரிவெட் 4.8 மி.மீ., பெரிய தலை, மூடிய முனை உள்ளது. 1.6 தகடும் 2 மி.மீ. குழாயும் சேர்த்தால் பிடிக்க வேண்டிய கனம் 3.6, மூட்டில் தகடு இரண்டாகும்போது 5.2. டேப்பின் கனத்தையும் கூட்டி, ரிவெட் பெட்டியில் போட்டிருக்கும் பிடிப்பு அளவுக்குள் அது வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூட்டில் 75 மி.மீ.க்கு ஒன்று, நடுப் போஸ்ட்டில் 100 முதல் 150க்கு ஒன்று. இரு பக்கத்துக்கும் 800 வரை போகும்; பாரிமுனை செம்புதாஸ் தெருவில் 1000 ஆகவே வாங்கிவிடலாம். திறந்த முனை ரிவெட் மலிவுதான், ஆனால் உள்ளே மிஞ்சும் இரும்பு ஊசி துருப்பிடித்து, வெள்ளைத் தகட்டில் பழுப்புக் கோடு இறங்கும். தண்ணீரும் அதே வழியில் உள்ளே வரும்.

மூட்டுக்கு வினிகர் வாசம் வரும் சிலிக்கான் வேண்டாம். அதில் வெளிவரும் அமிலம் இரும்பையும் ஜிஐயையும் அரிக்கும். அதன்மேல் பெயின்டும் பிடிக்காது. சிகாஃப்ளெக்ஸ் 221 மாதிரி பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள். பெயின்ட் அடிப்பதானால் அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் கட்டாயம்; ரெட் ஆக்சைடு மேல் அடித்தால் உரிந்து வரும். நிறம் போட்டே வரும் ஷீட் வாங்கினால் மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை வேலை முடிந்த அன்றே உரித்துவிட வேண்டும். வெயில் பட்டு ஒட்டிப்போனால் பிறகு கீறித்தான் எடுக்க முடியும்.

போஸ்ட் போயிருந்தால்: எஃப்ஆர்பி ஹனிகோம்ப்

பழைய போஸ்ட்டையெல்லாம் எடுக்க வேண்டிய நிலை வந்தால் ஹனிகோம்ப் பேனல்தான் முதலில் பார்க்க வேண்டியது. பக்கம் முழுவதும் ஒரே துண்டு, நடுவில் மூட்டே இல்லை, மழை நுழைய வழி குறைவு. 40 மி.மீ. போஸ்ட், தகடு, பிளை சேர்ந்த சுவர் 48 மி.மீ. கனம், இது தோலோடு சேர்த்து ஏறக்குறைய 23 மி.மீ. வெளி அகலம் மாறாமலே உள்ளே 50 மி.மீ., அதாவது ஏறக்குறைய இரண்டு அங்குலம் கிடைக்கிறது. உள் சுவர் வழவழப்பாக இருப்பதால் பெட்டி மாட்டிக் கிழிவதும் இல்லை. பேக்கரி, மருந்து, இ-காமர்ஸ் பார்சல் ஏற்றுபவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் வாங்கும்போது கவனம் வேண்டும். பாலிப்ரொப்பிலீனில் ரெசின் நேரடியாக ஒட்டாது. அதனால்தான் தேன்கூட்டின் இருபுறமும் துணி போன்ற ஒரு மெல்லிய பாலியெஸ்டர் படலத்தைச் சூட்டில் ஒட்டி அனுப்புகிறார்கள். ரெசின் பிடிப்பது அந்தத் துணியில். மாதிரித் துண்டை வாங்கி ஓரத்தில் உளி கொடுத்துத் தோலைப் பிரித்துப் பாருங்கள். துணியும் தேன்கூடும் கிழிந்து தோலோடு வந்தால் நல்ல பேனல். தோல் மட்டும் சுத்தமாகக் கழன்று வந்தால் வேண்டாம். முழுப் பேனல் வந்து இறங்கியதும் ஒரு ரூபாய் நாணயத்தால் அடிக்கு அடி தட்டிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி கணீரென்று வரும் சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே தோல் ஒட்டவில்லை.

வெளிப்பக்கம் யுவி தாங்கும் ஜெல்கோட் (ரெசின் மேல்பூச்சு) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்னை வெயிலில் ரெசின் தேய்ந்து நார் வெளியே தெரியும், தொட்டால் கை அரிக்கும். நிறம் வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான். கருநீலம், கறுப்பு என்று போனால் அக்னி நட்சத்திரத்தில் தோலின் சூடு ஏறி, பாலிப்ரொப்பிலீன் இளகத் தொடங்கும்.

இதில் ஸ்க்ரூ பிடிக்காது. உள்ளே இருப்பது வெறும் குழாய்க் கூடு. சரக்குக் கட்டும் கம்பி, பக்கக் கதவின் கீல், மார்க்கர் லைட் எங்கெங்கே வருகிறது என்று முன்கூட்டியே வரைந்து கொடுத்தால், தயாரிக்கும்போதே அந்த இடத்தில் மரக்கட்டையோ அலுமினியப் பட்டையோ உள்ளே வைத்துத் தருவார்கள். பிறகு யோசித்துக் கொள்ளலாம் என்றால் இரண்டு பக்கமும் தகடு வைத்து போல்ட் போட்டு ஊடுருவ வேண்டிவரும். ஒவ்வொரு ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். வெட்டிய ஓரம் எதையும் திறந்து விடக்கூடாது, ரெசினோ சீலன்ட்டோ பூசி மூட வேண்டும்.

பொருத்தும்போது சட்டத்துக்கும் பேனலுக்கும் நடுவில் சீலன்ட் குறைந்தது 3 மி.மீ. கனம் நிற்க வேண்டும். அதற்கு 3 மி.மீ. ரப்பர் துண்டுகளை இடைவெளி காப்பானாக வையுங்கள். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் தகட்டுச் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் என்றால் 17 அடியில் எஃப்ஆர்பியோ அலுமினியமோ ஏறக்குறைய 5 மி.மீ. நீளும், இரும்புச் சட்டம் அதில் பாதிதான். மெல்லிய பசையாக இருந்தால் அந்த இழுப்பில் கிழிந்துவிடும். பேனல் ஒன்று 60 முதல் 78 கிலோ, தூக்க நான்கு பேர் போதும். கடற்காற்று எழும்பும் பிற்பகலுக்கு முன் தூக்கி நிறுத்திவிடுங்கள். ஏழடி உயரப் பலகையைத் திறந்த கொட்டகையில் காற்று பிடுங்கிக்கொண்டு போகும்.

ஃபோர்க்லிஃப்ட்டால் ஏற்றும் சரக்குக்கு இது பொருந்தாது. முள் ஒருமுறை குத்தினால் தோல் உடைந்து கூடு நசுங்கும். சரிசெய்ய முடியும்: ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலம் 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, நசுங்கிய கூட்டை வெட்டியெடுத்து அடைத்து, சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள கண்ணாடி நார் மேட் இரண்டு அடுக்கு ரெசினில் போட வேண்டும். ஹார்டனர் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். மே மாதத்தில் கலந்த ரெசின் கையிலேயே இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் இருந்தால் ஒட்டவே ஒட்டாது. ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். வெளியூர்ச் சாலையில் அடிபட்டால் இந்த வேலை உடனே நடக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மற்றவை

எஃப்ஆர்பி பிளை பேனல் எடையில் பழைய இரும்போடு கிட்டத்தட்ட வந்து நிற்கிறது, ஆகவே லேசாக்கத்தான் மாற்றுகிறோம் என்றால் இதற்கு வேலை இல்லை. ஸ்க்ரூவை நன்றாகப் பிடிக்கும், இடி தாங்கும் என்பதால் ஃபிரிட்ஜ், பீரோ, வீடு மாற்றும் சாமான் ஏற்றுபவர்களுக்குப் பொருந்தும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளையாகக் கேளுங்கள். அடி ஓரத்தை ரெசினில் மூடாமல் விட்டால் இரண்டு மழைக்காலத்தில் உள்ளே மரம் ஊறி உப்பும். தோல் வெளியே பளபளப்பாகவே இருக்கும் என்பதால் கெடுவது கண்ணுக்குத் தெரியாது.

ஏசிபி, அதாவது நடுவில் பிளாஸ்டிக் வைத்து இருபுறமும் மெல்லிய அலுமினியத் தோல் ஒட்டிய பலகை, வேண்டாம். கட்டட முகப்புக்கு வருவதால் எல்லாக் கடையிலும் இருக்கிறது, லேசு, பளபளப்பு. ஆனால் தோல் அரை மி.மீ.க்கு மேல் கிடையாது. ஓடும் வண்டியின் அதிர்வில் ரிவெட் ஓட்டையைச் சுற்றி அந்தத் தோல் விரிசல் விடும். சாதாரண ரகத்தில் நடுவில் இருக்கும் பாலிஎத்திலீன் நன்றாகத் தீப்பிடிக்கும்.

கூரைக்குப் போடும் அரை மி.மீ. கலர் ஷீட்டும் எடையில் அலுமினியத்துக்குப் பக்கத்தில் வருகிறது, விலையும் குறைவு. வெட்டிய ஓரத்தில் முதல் மழைக்காலத்திலேயே துரு தொடங்கும், ஸ்க்ரூ தளரும். பழைய சின்ன வண்டியை இன்னும் ஓரிரு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கப் போகிறவருக்கு மட்டும் சரி. நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் குளிர்ச் சரக்குக்கானது. இருபுறமும் 50 மி.மீ. சுவர் வைத்து உள் இடத்தை இழக்க உலர் சரக்குக்குக் காரணமே இல்லை.

வேலை நடக்கும்போது

இரண்டு பக்கத் தகட்டையும் ஒரே நேரத்தில் கழற்ற விடாதீர்கள். பாடி கோணாமல் நிற்பது பெரும்பாலும் தகட்டின் பலத்தில்தான். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் தொடங்க வேண்டும். திறந்த பக்கத்தில் மூலைக்கு மூலை ஆங்கிள் ஒன்றைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, இரண்டு மூலைவிட்டமும் 5 மி.மீ.க்குள் ஒத்துவருகிறதா என்று டேப் பிடித்துப் பார்த்த பிறகே தகடு ஏற வேண்டும். இதைச் செய்யாத வண்டியில்தான் பின்கதவு பூட்டாமல் போகிறது. அலுமினியத்துக்கு மாறும்போது கோணலைத் தடுக்கும் பலம் பாதிக்கும் கீழே குறையும், ஆகவே நான்கு மூலையிலும் முக்கோணத் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அடிச் சேனலில் இரண்டு அடிக்கு ஒரு 8 மி.மீ. வடிகால் ஓட்டை போட வேண்டும். பிஎஸ்6 வண்டியில் வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவையும் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் கழற்றி, எர்த் பிடியைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.

தொடங்கும் முன்பும் முடித்த பிறகும் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றி இரண்டு சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் சொன்ன எடை வந்ததா என்பதற்கு அதுவே சாட்சி. ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படியான மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. அதே அளவு, அதே வகைப் பாடிதான் என்றாலும் காலி எடை மாறுவதால் வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. அதிக பாரத்துக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்சி (தகுதிச் சான்று) வருவதால், தகடு மாற்றுவதை அதற்குச் சற்று முன் வைத்துக்கொண்டால் ஏஐஎஸ்-090 பிரதிபலிப்பு டேப்பைப் புதுத் தகட்டில் ஒரேயடியாக ஒட்டிவிடலாம். பக்கத்துக்கு மஞ்சள், பின்னால் சிவப்பு.

வண்டியை எடுக்கும் முன் ஒருவர் உள்ளே கதவை மூடிக்கொண்டு டார்ச்சோடு நிற்க, வெளியே ஒவ்வொரு மூட்டிலும் ஐந்து நிமிடம் ஹோஸ் பிடியுங்கள். கீழிருந்து தொடங்கி மேலே போனால் கசிவது எந்த மூட்டு என்று குழப்பமில்லாமல் தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ரிவெட் வரிசைகளைப் பாருங்கள். தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அந்த ரிவெட் தளர்ந்து உராய்கிறது. அதைத் துளைத்தெடுத்துவிட்டு ஒரு சுற்றுப் பெரிய ரிவெட் அடிக்க வேண்டும். கறுப்பு வளையம் ஒரே போஸ்ட்டில் வரிசையாக இருந்தால் ரிவெட்டை மாற்றிப் பயனில்லை, அந்தப் போஸ்ட்டின் அடி வெல்டிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.